ஓடுவது எது? நிற்பது எது?

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியைக் கட்டுரைப் போட்டிகளில் நானும் பலமுறை எழுதிப் பரிசு பெற்றிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது தமிழ் வகுப்பில் அன்று. விழுப்புரம் ரயில் நிலையத்தில்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. விடுதியிலிருந்து என்னைக் காலாண்டு விடுமுறைக்கு அழைத்துச் செல்ல அம்மாவும் ஆயாவும் தம்பியும் வந்திருந்தனர். விழுப்புரத்திலிருந்து எங்கள் ஊரான திண்டிவனத்திற்கு ரயிலில் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று எண்ணிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். விழுப்புரம் ஒரு பெரிய சந்திப்பு என்பதை வாசகர்கள் அறிவீர்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திக்கிலும் இருப்புப் பாதைகள் பிரியும் இடம் அது. ஆகவே நம் வண்டி நிற்கும்போது அடுத்த தண்டவாளத்திலும் ஒரு வண்டி நிற்பது அங்கே சகஜம்.

நான் பிளாட்பாரத்திற்கு எதிர்ப்பக்க ஜன்னலோரம் அமர்ந்திருந்தேன். ஆயா பிளாட்பாரப் பக்கம். தம்பி நடுவில் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அம்மா தண்ணீர் பிடிக்கப் பாட்டிலுடன் இறங்கினார். சற்று நேரத்தில் எங்கள் வண்டி மெல்ல நகர்வதைக் கண்டேன். பக்கத்து வண்டியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் போயின. என் வயிற்றைப் புரட்டியது. “வண்டி கெளம்பிடுச்சு! அம்மா கீழ நிக்கறாங்க!” என்று அலறினேன். அதே நொடியில் ஆயா, “ஏண்டி கத்தற? வண்டி நின்ன எடத்துலதான் நிக்குது” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தம்பி வாசலுக்கு ஓடிக் குதித்துவிட்டான். வண்டி ஓடுகிறது என்று எண்ணிக் குதித்ததால், ஓடும் வண்டியிலிருந்து இறங்குபவனைப் போல் உடம்பை வளைத்து விழுந்து, முகவாய் சிமெண்டுத் தரையில் மோதியது. நான்கு தையல். இன்றும் அவன் சிரித்தால் அந்தத் தழும்பு தெரியும்.

ஓடியது எங்கள் வண்டி அன்று. பக்கத்தில் நின்ற வண்டிதான் திருச்சிப் பக்கமாகப் புறப்பட்டது. ஒரே பலகையில், ஒரே நேரத்தில் அமர்ந்திருந்த இருவரில் ஒருத்திக்கு வண்டி ஓடியது, மற்றவருக்கு நின்றது. வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். “ஏன் பொய் சொன்னாய்?” என்று கேட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை என்பதை அன்று யாருக்கும் விளக்க எனக்குத் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும் என்பதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இயக்கம் என்பதே ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். என் ஜன்னல் வழியே தெரிந்ததெல்லாம் பக்கத்து வண்டி மட்டுமே. அது தெற்கே போவதும், நாங்கள் வடக்கே போவதும் என் கண்ணில் விழும் பிம்பத்தைப் பொறுத்தவரை ஒன்றே. நாங்களோ வடக்கே போக வேண்டியவர்கள். எப்போது கிளம்பும் என்று காத்திருந்தவர்கள். மூளை எதை நம்பும்? பரந்த காட்சி ஒன்று முழுவதுமாக நகர்ந்தால், “உலகம் நகராது, நகர்வது நான்தான்” என்று முடிவு கட்டுவது மூளையின் பழக்கம். பெரும்பாலும் அம்முடிவு சரியாகவே இருக்கும். மரமும் மலையும் என்றாவது ஓடியதுண்டா? ரயில் வண்டி என்ற ஒன்று வந்த பிறகுதான் ஊரளவு நீளமான பொருளும் ஓடத் தொடங்கியது!

உடம்புக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நம் உட்செவியில் சமநிலை உறுப்பு ஒன்று உண்டு. அதில் மிக நுண்ணிய சுண்ணக் கற்கள் மெல்லிய மயிரிழைகளின்மீது படிந்துள்ளன. நாம் திடீரெனப் புறப்பட்டாலோ நின்றாலோ அவை சாய்ந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். ஆனால் அவை உணர்வது வேகத்தின் மாற்றத்தை மட்டுமே. மாறாத வேகத்தை அவை உணர மாட்டா. மிக மெதுவாகப் புறப்படும் வண்டியிலும் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே செவி வாய் மூடியிருக்க, கண் சொன்னதே தீர்ப்பாயிற்று. ஆயாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அவர் பார்த்தது பிளாட்பாரத்துத் தூணை. அவ்வளவுதான்.

இந்த மயக்கத்தை நம் நாட்டில் ஓர் அறிஞர் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தாண்டிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் தம் ‘ஆரியபட்டீயம்’ என்னும் நூலில், படகில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையில் அசையாது நிற்பவை பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதை உவமையாகக் காட்டுகிறார். அதுபோலவே, அசையாத விண்மீன்கள் மேற்கே செல்வதாக நமக்குத் தோன்றுகின்றன என்கிறார். அதாவது சுழல்வது வானம் அன்று, பூமி! ஒரு படகிலிருந்து அவர் இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டார். நான் ரயிலிலிருந்து தம்பிக்கு நான்கு தையல் வாங்கித் தந்தேன்.

மேகங்கள் நகரும் இரவில் நிலவு ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓடுவது மேகமே. ஆயினும் பெரியது நிற்கும், சிறியது ஓடும் என்று மூளை கொள்வதால், மேகப் பரப்பை நிற்க வைத்து நிலவை ஓட வைக்கிறது. 1929-இல் கார்ல் டுன்கர் என்ற ஜெர்மானிய அறிஞர், இருட்டறையில் ஓர் ஒளிப்புள்ளியையும் அதைச் சுற்றி ஒரு சட்டத்தையும் வைத்து இதனை ஆராய்ந்தார். சட்டத்தை நகர்த்தினால், பார்ப்பவர்க்குப் புள்ளியே எதிர்த்திசையில் நகர்வதாகத் தோன்றியது.

இனி நான் சொல்லப்போவது சென்ற ஆண்டு விடுதியில் நடந்த சண்டை. சிஸ்டர் அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன்.

ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. தோல்பாவைக் கூத்துப் போல நிழலாட்டம் காட்டுவோம் என்று கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்தோம். சட்டை மாட்டும் கம்பி ஒன்றைக் கோணல்மாணலாக வளைத்து, நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு முறுக்கிவிட்டாள் ஒருத்தி. இன்னொருத்தி தூரத்திலிருந்து டார்ச் அடித்தாள். போர்வையின் மறுபக்கம் அமர்ந்த எங்களுக்கு நிழல் மட்டுமே தெரிந்தது. சாதாரணக் கம்பியின் நிழல் என்னவோ நடன மாது போல் சுழன்றது! “எவ்வளவு அழகாக இடமிருந்து வலமாகச் சுற்றுகிறது!” என்றாள் என் தோழி. “வலமிருந்து இடமாக அல்லவா சுற்றுகிறது?” என்றேன் நான். சிலர் அவள் பக்கம், சிலர் என் பக்கம். பேச்சு முற்றியது. “வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறாய், நீ எப்போதும் இப்படித்தான், பொய்க்காரி” என்று எல்லோர் முன்னிலையிலும் நான் சொல்லிவிட்டேன். அவள் அழுதுகொண்டே போய்ப் படுத்துவிட்டாள். நான்கு நாட்கள் எங்களுக்குள் பேச்சில்லை. ஒரே பெஞ்சில் அமர்ந்து நான்கு நாள் பேசாமலிருப்பது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்க்குத் தெரியும்.

எங்கள் அறிவியல் சிஸ்டர் காதுக்குச் செய்தி எட்டியது. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் மாலை அதே கம்பி, அதே போர்வையுடன் ஆய்வுக்கூடத்திற்கு வரச் சொன்னார். வகுப்பு முழுவதையும் உட்கார வைத்து, ஒருவரோடொருவர் பேசாமல், தமக்குத் தெரியும் திசையைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். வகுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. பேச்சே இல்லாதபோதும் பிரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். அதன்பின் சிஸ்டர் போர்வையை நீக்கிக் கம்பியையே காட்டினார். முறுக்கிய நூல் பிரியும்போது கம்பி ஒரு திசையில் சுழல்கிறது. முழுதும் பிரிந்தபின் வேகத்தில் மறுபக்கம் முறுக்கிக்கொண்டு, பிறகு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதாவது அன்றிரவு நாங்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே கம்பி பலமுறை திசை மாறியிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை! “இப்போது சொல், பொய்க்காரி யார்?” என்று சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தம்பியின் முகவாய்தான் நினைவுக்கு வந்தது.

இதன் காரணம் இதுதான். நிழலுக்கு முன்புறம் பின்புறம் கிடையாது. கம்பியின் ஒரு நுனி நிழலில் இடப்பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்நுனி நமக்கு அருகில் இருந்துகொண்டு இடப்பக்கம் போனால், மேலிருந்து பார்க்கக் கம்பி கடிகார முள் போல் சுழல்கிறது. தொலைவில் இருந்துகொண்டு இடப்பக்கம் போனால், முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. இரண்டிலும் போர்வையில் விழும் நிழல் ஒன்றே. அருகா தொலைவா என்ற செய்தி நிழலில் இல்லவே இல்லை. அதை மூளை தானாக இட்டு நிரப்புகிறது. என் மூளை ஒன்றை இட்டது, அவள் மூளை மற்றொன்றை இட்டது. இருவரும் கண்டது கண்டபடியே சொன்னோம்.

கம்பிகளின் சுழலும் நிழல்களைக் கொண்டே 1953-இல் அமெரிக்காவில் ஹான்ஸ் வாலக், ஓ’கானல் என்னும் இருவர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நிழல் நின்றால் தட்டையான கோடு; சுழன்றால் கனமுள்ள பொருள். திசையோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறும். அதற்கும் முன்பே, 1860-இல் ஜெர்மானியரான சின்ஸ்டெடன், மாலை வானத்தின் எதிரில் கருநிழலாய்த் தெரிந்த காற்றாலையைச் சாய்வாகப் பார்க்கையில், அதன் இறக்கைகள் சட்டெனத் திசை மாறிச் சுற்றுவதாகத் தோன்றியதைக் குறித்திருக்கிறார். 2003-இல் ஜப்பானியரான நொபுயுகி கயஹாரா வரைந்த சுழலும் நங்கையின் நிழலுருவம் உலகப் புகழ் பெற்றது. வலமாகச் சுற்றக் காண்பவர் வலப்பக்க மூளைக்காரர், இடமாகக் காண்பவர் இடப்பக்க மூளைக்காரர் என்று 2007-ஐ ஒட்டிச் செய்தித்தாள்களில் ஒரு கதை பரவிற்று. என் அண்ணன்முறை ஒருவர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதில் உண்மை இல்லை. பொருள்களைச் சற்று மேலிருந்து பார்த்தே நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் அந்நங்கை பலருக்குக் கடிகாரத் திசையில் சுற்றுகிறாள் என்று 2010-இல் டிரோயே, மக்ஆடம் என்பவர்கள் விளக்கியுள்ளனர்.

ஓர் உருவம் இரண்டாகத் தெரிவது நமக்குப் புதிதும் அன்று. 1832-இல் சுவிட்சர்லாந்து நாட்டவரான நெக்கர், கோடுகளால் வரைந்த கனசதுரம் உள்ளே வெளியே மாறித் தோன்றுவதைக் கண்டார் என்று மேனாட்டு நூல்கள் கூறும். ஆனால் கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜ சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், ஒரே தலையைக் காளையும் யானையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் உள்ளதே! ஓர் உடலைக் கையால் மறைத்தால் காளை. மற்றதை மறைத்தால் யானை. சுற்றுலா சென்றபோது நானும் மறைத்துப் பார்த்தேன்.

திருவிழாவில் மாதா கெபியைச் சுற்றிக் கட்டும் சீரியல் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஒளி ஓடுவது போலத் தெரியும். உண்மையில் எந்த விளக்கும் இடம் பெயர்வதில்லை. ஒன்று அணைய, அடுத்தது எரிகிறது. 1912-இல் மாக்ஸ் வெர்தைமர் என்பவர் இத்தோற்றத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை உளவியலில் ஒரு புதிய கிளைக்கே வித்திட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விளக்குகள் மூன்று தொகுதிகளாக ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாக எரிந்தால் ஒளி ஒரே திசையில்தான் ஓடும். இரண்டே தொகுதிகளாக ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி எரிந்தாலோ, ஒளி எப்பக்கம் ஓடுகிறது என்று அறுதியிட முடியாது! அணைந்த விளக்கிற்கு இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் சம தூரத்தில் விளக்கு எரிகிறதல்லவா? ஒருவருக்கு இடமாக ஓடும், மற்றவருக்கு வலமாக ஓடும். அடுத்த திருவிழாவில் தோழியரோடு நின்று பாருங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

இத்துறையில் பேர்பெற்ற ஒருவர் நம் தமிழ்நாட்டவர் என்பது நமக்குப் பெருமை. 1951-இல் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் பேராசிரியரானார். அவரும் ஸ்டூவர்ட் அன்ஸ்டிஸ் என்பவரும் 1983-இல் செய்த சோதனை மிக எளியது. ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டில் முதலில் புள்ளிகள் தோன்றி மறையும்; அடுத்து மற்ற இரு மூலைகளில் தோன்றும். பார்ப்பவர்க்குப் புள்ளிகள் தாவுவதாகத் தெரியும். மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா? இரண்டும் சமம். ஒரே ஆளுக்கே சிறிது நேரம் அப்படியும் சிறிது நேரம் இப்படியும் தெரியும். அவர்கள் இத்தகைய சதுரங்கள் பலவற்றை ஒரே திரையில் காட்டினார்கள். ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி தாவும் என்றுதானே நினைப்போம்? இல்லை. எல்லாமே சேர்ந்தாற்போல் ஒரே விதமாகத் தாவின; மாறும்போதும் எல்லாம் ஒருங்கே மாறின. மூளை ஒவ்வொரு புள்ளியாக நியாயம் விசாரிப்பதில்லை. முழுக் காட்சிக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுதிவிடுகிறது என்பது இதனால் புலனாகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். முழ நீள நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி, உங்களுக்கு எதிரே இடம் வலமாக ஊசல்போல் ஆடவிடச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை வலக்கண் முன் மட்டும் பிடித்து, இரண்டு கண்களையும் திறந்து பாருங்கள். கல் நேராக ஆடாமல் வட்டமிடும்! வலப்பக்கம் போகையில் உங்களை நெருங்கியும், இடப்பக்கம் போகையில் விலகியும் செல்லும். வில்லையை இடக்கண்ணுக்கு மாற்றினால் வட்டமும் எதிராக மாறும். மங்கலாகத் தெரியும் கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகச் சேர்வதே காரணம். இதை 1922-இல் விளக்கிய ஜெர்மானியரான கார்ல் புல்ஃபிரிச் ஒரு கண் பார்வையற்றவர். தம் பெயரால் வழங்கும் இவ்விந்தையைக் காண இரண்டு கண்ணும் வேண்டும். ஆகவே பிறர் கண்டு சொன்னதை நம்பியே அவர் அதை ஆராய்ந்தார். இதைப் படித்த அன்று நான் என் தோழியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இவை வெறும் வேடிக்கை என்று பெற்றோர் நினைக்கக்கூடும். லேத் பட்டறையில் வேலை செய்யும் என் அப்பா ஒரு செய்தி சொன்னார். சோக் வைத்த பழைய டியூப்லைட் நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறையும். நிமிடத்திற்கு 1,500 சுற்று சுற்றும் இயந்திரம் நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. அதன் முகப்பில் நான்கு தாடைகள் இருந்தால், ஒவ்வொரு ஒளித் துடிப்பிலும் ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும். ஆகவே சுழலும் இயந்திரம் நிற்பதுபோல் தெரியும். கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டறைகளில் இயந்திரத்தின் அருகே தனியாக ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ரயிலிலும் ஒன்று உண்டு. பெரிய பொருள் அதே வேகத்தில் செல்லும் சிறிய பொருளைவிட மெதுவாகச் செல்வதாகத் தோன்றும். லெவல் கிராசிங் விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம் என்று 1985-இல் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் எழுதினார். நேரெதிரே வரும் வண்டி இன்னும் மோசம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கும். அது 400 மீட்டரில் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதன் உருவம் இருமடங்காகத் தெரிய 8 நொடி ஆகும். இன்னும் இருமடங்காக 4 நொடி, மேலும் இருமடங்காக 2 நொடி. பிறகு மிஞ்சுவது 2 நொடியே. முதல் 8 நொடியும் “தூரத்தில்தானே நிற்கிறது” என்று தோன்றும். எங்கள் ஊரில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து கடைக்குப் போகிறவர்கள் ஏராளம். இந்தக் கணக்கை ஆயாவுக்கு அரிசி மணிகளை வைத்து விளக்கினேன். இப்போது அவர் கால் வலியோடு மேம்பாலத்தில் ஏறித்தான் போகிறார். ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாராம்.

அந்தக் கோணல் கம்பியைச் சிஸ்டர் தூக்கியெறியவில்லை. பெற்றோர் தினத்தன்று நடந்த அறிவியல் கண்காட்சியில் அதற்கென ஒரு மூலையும் வெள்ளைத் துணியும் ஒதுக்கினார். நானும் என் தோழியும்தான் பொறுப்பு. அவள் டார்ச் பிடித்தாள், நான் விளக்கம் சொன்னேன். என் பெற்றோரும் வந்து பார்த்தனர். அப்பாவுக்கு வலமாகச் சுற்றியது, அம்மாவுக்கு இடமாக. நான் எவ்வளவோ விளக்கியும், மாலை வண்டியில் ஊர் திரும்புகையில் விக்கிரவாண்டி வரை அதே பேச்சு. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். திண்டிவனத்தில் இறங்கும்போதும் அம்மா, “என் கண்ணு என்ன பொய்யா சொல்லும்?” என்று கேட்டுக்கொண்டுதான் இறங்கினார்.